பதில் சொன்னது யார்?

முன்பு என்னோடு வேலை பார்த்த மருந்தாளுநர் ஒருத்தி போன மாதம் பாலவனத்தத்திலிருந்து போன் பண்ணினாள். இப்போது வேறொரு சுகாதார நிலையத்தில் தனியாக மருந்து கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறாள். "அக்கா, எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்திருச்சு. காலை, மதியம், ராத்திரின்னு சீட்டுலயே அச்சடிச்சு வருது. நாம வாயத் தொறக்க வேண்டிய வேலையே இல்ல. ஆனா அமாக்ஸிசிலின் குடுக்கிறப்ப மட்டும் என் கை நின்னுருது. எல்லாம் நீங்க பண்ணி வச்ச வேலை" என்று சிரித்தாள். பிறகு, "அதுக்கு மட்டும் ஏன் அப்பிடிப் பயந்தீங்க? நம்ம சங்க மலருக்கு எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயந்தேன் என்று அவள் சொன்னது சரிதான். எழுதிப் பார்க்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதுரையில் இரண்டு வருஷம் டிப்ளமோ, அருப்புக்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் ஆறு வருஷம், அதன் பிறகு அரசாங்க வேலை. படிக்கும் காலத்தில் பென்சிலின் ஒவ்வாமை என்பது எங்களுக்கு இரண்டு மார்க் கேள்வி. அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் இறங்குதல், மரணம் என்று வரிசையாக எழுதினால் இரண்டு மார்க்கும் கிடைத்துவிடும். மரணம் என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன்.

நான் அதிக காலம் வேலை பார்த்த சுகாதார நிலையம் திருச்சுழிக்கும் வீரசோழனுக்கும் நடுவில் இருந்தது. ஊர்ப்பெயர் வேண்டாம். என் ஜன்னலுக்குக் கம்பி வலை போட்டு, நடுவில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். அதில் யார் குனிந்து முகத்தை வைக்கிறார்களோ அவர்தான் எனக்குத் தெரிவார். அவருக்குப் பின்னால் நிற்பவரின் சேலை நிறம் மட்டும் தெரியும்.

அமாக்ஸிசிலினும் பென்சிலின் வகைதான். எங்களுக்கு வந்தது பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமாக இருக்கும். செவப்பு மஞ்சக் குழா மாத்திரை என்பார்கள். அதற்குப் பயப்படுகிறவர்கள் ஒருவரும் கிடையாது. காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் குழாயைப் பிரித்துப் பொடியைப் புண்ணில் தூவுவார்கள். கோழி தூங்கி விழுந்தால் தவிட்டில் கலந்து வைப்பார்கள். ஐந்து நாளைக்குக் கொடுத்தால் இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தைக் கொழுந்தனாருக்கு ஆகும் என்று மாடத்தில் வைப்பார்கள். அதனால் கவுண்டரில் நான் ஒரே மூச்சில் ஒப்பிப்பேன்: "எட்டு மணி நேரத்துக்கு ஒண்ணு. காய்ச்சல் விட்டிருச்சுன்னு நிப்பாட்டக் கூடாது. அடுத்தவுகளுக்குக் குடுக்கக் கூடாது. ஒடம்பு தடிச்சாலோ, வயித்தால ரொம்பப் போனாலோ உடனே இங்க வரணும்." கடைசியாக, பொட்டலத்தைத் தள்ளிக்கொண்டே, "அலர்ஜி இருக்கா?" என்று கேட்பேன்.

பொட்டலம் கைக்குப் போன பிறகு கேட்கிற கேள்விக்கு என்ன பதில் வரும்? "கத்திரிக்கா திண்ணா அரிக்கும்க்கா" என்பார்கள். "தூசி பட்டாத் தும்முவேன்" என்பார்கள். நானும் தலையாட்டிவிட்டு அடுத்த சீட்டை வாங்கிவிடுவேன்.

எங்கள் மருத்துவ அலுவலர் டாக்டர் கலாவதி. சின்ன உருவம். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. நெருக்கடி வந்தால் மற்றவர்களுக்குப் பேச்சு வேகமாகும், அவருக்கு மெதுவாகும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் புற நோயாளிகளைப் பார்க்கத் தொடங்குமுன் அவசர மருந்துத் தட்டை அவரே மேஜைமேல் கொண்டுவந்து வைப்பார். ஒவ்வொரு மருந்தின் காலாவதித் தேதியையும் எங்களில் ஒருவர் வாசிக்க வேண்டும். பிறகு யாராவது ஒருவரைப் பார்த்து, "உங்க முன்னால ஒருத்தர் மூச்சு முட்டி விழுறார். எடுங்க" என்பார். கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்வார். அட்ரினலின் ஆம்பியூலை, அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து, கழுத்தை உடைத்து, அரை மில்லி உறிஞ்சி, தொடையின் வெளிப்பக்கச் சதையில் குத்துவது வரை சொல்லிக்கொண்டே செய்து காட்ட வேண்டும். ஒத்திகைக்கு வைத்த ஆம்பியூல் காலி, ஊசி மட்டும் நிஜம். தடுமாறினால் திட்டமாட்டார். "இன்னொரு தடவை" என்பார், அவ்வளவுதான். எனக்குப் பல திங்கட்கிழமைகளில் இன்னொரு தடவை கிடைத்திருக்கிறது. நடக்காத ஒன்றுக்கு எதற்கு இத்தனை ஒத்திகை என்று மனதுக்குள் முனகியும் இருக்கிறேன்.

அது நடந்தது ஒரு மாசி மாதம். மிளகாய்ப் பழம் பறிக்கிற பருவம். ஜன்னலில் வந்து குனிந்தவர் சீனியம்மாள். பக்கத்துக் கிராமத்தில் காடு கரை உள்ள குடும்பம். அவருக்குப் பின்னால் பச்சைச் சேலை. அது மருமகள் செல்வி. கல்யாணமாகி எட்டு மாதம். தொண்டை பழுத்து, காய்ச்சலோடு எச்சில்கூட முழுங்க முடியாமல் வந்திருந்தாள். சீட்டில் அமாக்ஸிசிலின் ஐந்நூறு மில்லிகிராம், மூன்று வேளை, ஐந்து நாள்.

நான் வழக்கம்போல ஒப்பித்தேன். பொட்டலத்தைத் தள்ளினேன். "அலர்ஜி எதுவும் இருக்கா? மருந்து எதுவும் சேராமப் போயிருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. திடமான பிள்ளை. பாத்துத்தான எடுத்தோம்" என்றார் சீனியம்மாள். "சீக்கிரம் அனுப்புங்கத்தா, களத்துல மொளகா கெடக்கு."

அப்போது செல்வி ஒரு பக்கம் சாய்ந்து கம்பி வலை வழியாக என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. தொண்டை வலியில் திறக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னால் நீளமான வரிசை. கையை நீட்டி அடுத்த சீட்டை வாங்கினேன்.

எதிரே இருந்த டீக்கடையில் தண்ணீர் வாங்கி முதல் குழாயை முழுங்கியிருக்கிறாள். நான் நாலைந்து பேருக்கு மருந்து கொடுத்திருப்பேன். வாசலில் சத்தம் கேட்டது. டீக்கடைக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். சீனியம்மாள் பின்னால் செருப்பில்லாமல் வந்தார். "உள்ளங்கை அரிக்குதுன்னா, நாக்கு தடிக்குதுன்னா, வாந்தி எடுத்தா, விழுந்துட்டா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

செல்வியின் முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண் இமைகள் வீங்கி மூடியிருந்தன. கழுத்து, மார்பு எல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்திருந்தது. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. எனக்கு அந்தச் சத்தத்தைவிட, அது நின்றுவிடுமோ என்பதுதான் பயமாக இருந்தது.

டாக்டர் அறையிலிருந்து வந்தார். ஓடவில்லை. "படுக்க வைங்க. காலை உயர்த்துங்க. அட்ரினலின்" என்றார். கால்களுக்கு அடியில் குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியைத் தள்ளினார் நர்ஸ். நான் ஆம்பியூலை எடுத்தேன். கழுத்தை உடைக்கும்போது முழுவதும் நொறுங்கி மருந்து என் விரலில் வழிந்தது. ரத்தமும் வந்தது.

"அடுத்ததை எடுங்க" என்றார் டாக்டர். திங்கட்கிழமை காலையில் சொல்கிற அதே குரல்.

இரண்டாவதைச் சரியாக உடைத்தேன். அரை மில்லி. வாங்கித் தொடையில் போட்டார். நர்ஸ் ஆக்சிஜனை வைத்தார், டிரிப் ஏற்றினார். நான் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி இல்லை. ரத்த அழுத்தக் கருவியைக் கட்டி அழுத்தினால் ஊசிமுள் இறங்கிக்கொண்டே போகிறது, எந்த இடத்திலும் சத்தம் கேட்கவில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தில் நான் வேண்டாத சாமி இல்லை. கேவலமான ஒன்றையும் நினைத்தேன்: இவள் போய்விட்டால் பொட்டலம் கொடுத்த கை யாருடையது என்று கேட்பார்கள்.

"இன்னொண்ணு" என்றார்.

இரண்டாவது ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் என் விரலுக்கடியில் மெல்லிதாக ஏதோ அசைந்தது. என் நாடியாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். விரலை மாற்றி வைத்துப் பார்த்தேன். அவளுடையதுதான். விசில் சத்தம் மெதுவாகக் கரகரப்பாக மாறியது. செல்வி, "அத்தை" என்றாள்.

தடிப்பு அடங்கினாலும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம் என்று டாக்டர் அருப்புக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் சொன்னார். வண்டி வருவதற்குள் நான் என் அறைக்குப் போனேன். அவளுடைய சீட்டை எடுத்தேன். ஓரத்தில் எழுதினேன்: "அலர்ஜி இல்லை என்று கூறினார்."

சீட்டை வாங்கின டாக்டர் வாசித்தார். மசி காயாமல் இருந்தது.

"இது எப்ப எழுதினது?"

"இப்பத்தான் மேடம்."

"உண்மையா?"

"கேட்டேன் மேடம். இல்லன்னு சொன்னாக."

"யாரு சொன்னது?"

"மாமியார்."

அவர் பேனாவை என்னிடம் நீட்டினார். "அப்ப அதை எழுதுங்க. இப்ப மணி என்னன்னும் எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினேன்: "மாமியார் கூறினார். நோயாளி பேசவில்லை." நேரத்தையும் எழுதினேன். என் தலையெழுத்தை நானே எழுதுகிற மாதிரி இருந்தது. டாக்டர் அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். "எங்கிட்டயும் அந்தம்மாதான் பதில் சொன்னாங்க. நானும் விட்டுட்டேன்" என்றார். பின்னால் விசாரணை வந்தபோது எங்கள் இருவருக்குமே விளக்கம் கேட்டு மெமோ வந்தது. இப்படி எழுதி மாட்டிக்கொள்வார்களா என்று கூட வேலை பார்த்தவர்கள் கேட்டார்கள்.

எனக்கு வீடு அருப்புக்கோட்டை. மறுநாள் காலையில் வேலைக்குப் போகுமுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீனியம்மாள் வெளியே இட்லி வாங்கப் போயிருந்தார். செல்விக்கு முகம் வடிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அழுதாள்.

"பதிமூணு வயசுல எங்க ஊர்ல ஒரு ஊசி போட்டாகக்கா. இதே மாதிரிதான் மூஞ்சி வீங்கி மூச்சு முட்டிப் போச்சு. இது பென்சிலின், இந்தப் பிள்ளைக்குச் சேராதுன்னு அந்த டாக்டரு சொன்னாரு. எங்கம்மா அதை யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. ஊசி சேராத பிள்ளைன்னா எவன் கட்டுவான்னு கேட்டா."

"என்கிட்டச் சொல்ல வந்தியே?"

"வந்தேன். ஆனா அத்தை ஒண்ணுமில்லன்னு சொல்லி முடிச்சிட்டாக. அதுக்கு மேல நான் உண்டும்னு சொன்னா அத்தையப் பொய்யாக்குன மாதிரி ஆயிரும். எங்கம்மாவும் பொய் சொன்னதா ஆயிரும். இந்தக் குழா மாத்திரையும் அந்த ஊசியும் ஒண்ணுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பழைய கதைய எழுதிறாதீகக்கா. என்னையத் தாய்வீட்டுல கொண்டுபோய் விட்டுருவாக."

எழுதினால் இவள் வாழ்க்கை போகும். எழுதாவிட்டால், அடுத்த முறை ஏதாவது ஒரு மருந்துக்கடையில் இவள் உயிர் போகும்.

அன்று சாயங்காலம் டாக்டர் கலாவதியே ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் செல்வியிடம் போனார். "பழசை நான் எழுத வேண்டியதில்லைம்மா. நேத்து என் கண்ணு முன்னால நடந்ததே போதும்" என்றார். ஒரு அட்டையில் சிவப்பு மசியால், பென்சிலின் வகை மருந்து எதுவும் எப்போதும் கொடுக்கக் கூடாது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். அதைச் சீனியம்மாள் கையில் கொடுத்தார்.

சீனியம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "நாந்தான சீக்கிரம் அனுப்புங்கன்னேன். நாந்தான கொன்னுருப்பேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பேரச் சொல்லுங்க. வாயில வச்சுக்கிறேன்" என்றார்.

"அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின்."

மூன்று முறை சொல்லிப் பார்த்தார். "சிலின்னு முடிஞ்சா வேண்டாம். அம்புட்டுத்தான?"

"கடையில வேற பேர் போட்டும் விப்பாக. அதனால எங்க போனாலும் இந்த அட்டையக் காட்டணும்."

அவ்வளவு சொல்லிக்கொண்டு போனவர்கள், அடுத்த வாரமே செல்வியைத் தாய்வீட்டில் விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மருந்து சேராத பிள்ளை என்று ஊரில் பேச்சாகிவிட்டதாம். இரண்டு மாதம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. காப்பாற்றினோமா, கெடுத்தோமா என்று தெரியவில்லை. சித்திரை கடைசியில் ஒருநாள் மாமியாரும் மருமகளும் சேர்ந்தே வந்தார்கள், செல்விக்குக் கர்ப்பம் பதிவு செய்ய. எப்போது திரும்பக் கூட்டிவந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பதிவு அறையில் நர்ஸ் பெயர் கேட்குமுன் சீனியம்மாள் அட்டையை மேஜையில் வைத்தார்.

அதன் பிறகு நான் கேள்வியை மாற்றினேன். மருந்தைத் தொடுமுன் கேட்டேன். அலர்ஜி என்ற சொல்லையே விட்டேன். "எந்த ஊசியாவது மாத்திரையாவது போட்டு மூஞ்சி வீங்குனது, ஒடம்பு தடிச்சது, மூச்சு முட்டுனது உண்டா? சின்ன வயசுலயாவது?" நோயாளியின் வாயிலிருந்துதான் பதில் வர வேண்டும். பெண்கள் யாரோடாவது வந்தால், "ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணும், உள்ள வாம்மா" என்று மருந்தறைக்குள் கூப்பிட்டுக்கொள்வேன். அப்படி ஒரு கையெழுத்தே கிடையாது. தனியாக நிற்கிற அந்த ஒரு நிமிஷத்தில் சில பெண்கள் புருஷனுக்குத் தெரியாததை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். யார் பதில் சொன்னார்கள் என்று சீட்டில் குறிப்பேன். வரிசையில் நிற்பவர்கள் சத்தம் போடுவார்கள். போடட்டும் என்று விட்டேன். ஆனாலும் ஒவ்வொரு பொட்டலம் போகும்போதும் என் காது வாசலிலேயே இருக்கும். பட்டாசுச் சத்தத்துக்குக்கூட எழுந்து நின்றிருக்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலு மாதம் முன்னால் செல்வி தன் மகளைக் கொண்டுவந்தாள். நாலு வயது, தர்ஷினி. காதில் சீழ், காய்ச்சல். சீனியம்மாளும் வந்திருந்தார். டாக்டர் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். சீட்டில் அமாக்ஸிசிலின் சிரப் என்று எழுதியிருந்தது.

"மேடம், வேற மருந்து..." என்றேன்.

"அம்மாவுக்குச் சேராததால பிள்ளைக்கும் சேராதுன்னு இல்லை. இந்தப் பிள்ளைக்கு இது வரைக்கும் எந்த மருந்தாலயும் ஒண்ணும் ஆனதில்லை, அவங்க அம்மாகிட்டயே கேட்டுட்டேன். இப்ப நாம பயந்துக்கிட்டு மாத்தினா, காரணமே இல்லாம ஆயுசு முழுக்க இவளுக்கு நல்ல மருந்து ஒண்ணு இல்லாமப் போயிரும்" என்றார். பிறகு செல்வியைப் பார்த்தார். "முதல் வேளையை இங்கேயே கொடுப்போம். அரை மணி நேரம் இருங்க. நான் பக்கத்திலேயே இருக்கேன். சம்மதமா?"

செல்வி மாமியாரைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள். அவள் காதோரச் சீழைத் துடைத்துவிட்டு, "குடுங்க" என்றாள்.

நான் பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்தேன். கொதித்து ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் போட்டிருக்கும் கோட்டுக்குப் பாதி அளவு ஊற்றிக் குலுக்கினேன். மீதியைக் கோடு வரைக்கும் ஊற்றி மறுபடி குலுக்கினேன். ஏழு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது, ஒவ்வொரு வேளையும் குலுக்க வேண்டும் என்று சொன்னேன். ஐந்து மில்லி அளந்து கொடுத்தேன். பிள்ளை குடித்துவிட்டு நாக்கால் உதட்டைத் துழாவினாள்.

மரத்தடி சிமெண்டு பெஞ்சில் நாங்கள் மூன்று பேரும் அவளைச் சுற்றி உட்கார்ந்தோம். ஐந்து நிமிஷம். அவள் மூக்கைச் சொறிந்தாள். செல்வி என் முழங்கையைப் பிடித்தாள். பத்து நிமிஷம். கழுத்தோரம் சிவப்பாக ஒன்று தெரிந்தது. குனிந்து பார்த்தேன், கறுப்புக் கயிறு உரசின தடம். பதினைந்தாவது நிமிஷம் அவள் இருமினாள். சீனியம்மாள் எழுந்து நின்றுவிட்டார். "ஏத்தா, நாக்கக் காட்டு" என்றார். பிள்ளை நாக்கைக் காட்டிவிட்டு, இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் காட்டினாள்.

அரை மணி நேரம் ஆனதும் டாக்டர் தன் அறையிலிருந்து வந்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். கை கால்களைத் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கா. போகலாம்" என்றார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறோமே தாயி" என்றார் சீனியம்மாள்.

திருச்சுழி பஸ் வந்து வாசலில் நின்றது. கண்டக்டர் எங்களைப் பார்த்து விசில் அடித்தார். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். பிள்ளை, "பஸ்ஸு போகப் போகுது" என்று சீனியம்மாள் சேலையைப் பிடித்து இழுத்தாள். பஸ் புறப்பட்டுப் போனது. செல்வி எழுந்திருக்கவில்லை. சீனியம்மாள் எழுந்திருக்கவில்லை. என் ஜன்னலில் ஆட்கள் நின்றார்கள். நானும் எழுந்திருக்கவில்லை.